கதவுக்கு முன்னால் கை நின்றுவிடும் அந்த நொடி: திகில் வீடியோ கேம்களில் உண்மையான அச்சம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: வெள்ளவத்தைக் கரையோன்

வணக்கம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாள்களில் ஓர் இரவு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் தொடர்மாடி வீட்டில், மடிக்கணினியின் பற்றரியில் எஞ்சியிருந்த இரண்டு மணித்தியாலத்தை நம்பி, 2010இல் வெளிவந்த ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ என்ற கேமை முதன்முறையாக விளையாடினேன். சுவீடனைச் சேர்ந்த ஃபிரிக்ஷனல் கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கிய அந்தக் கேமின் காட்சித் தரம் இன்று பார்ப்பவருக்குப் பழையதாகவே தெரியும். ஆயினும், வெள்ளம் தேங்கிய நிலவறையில், உருவமே தெரியாத ஏதோ ஒன்று தண்ணீரை மிதித்துக்கொண்டு என்னை நோக்கி வரும் சத்தத்தைக் கேட்டபடி ஒரு மரப்பெட்டியின் மேல் நின்றபோது, அடுத்த பெட்டிக்குத் தாவ என் விரல் மறுத்துவிட்டது. பற்றரி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தும் பத்து நிமிடம் அப்படியே நின்றேன். அன்றிரவு படுக்கப் போகும்போது குளியலறை வாளியில் சொட்டிய தண்ணீரின் சத்தம்கூட என்னை எழுப்பி உட்கார வைத்தது.

சென்ற மாதம், பெரும் பொருட்செலவில் அண்மையில் உருவாக்கப்பட்ட வேறொரு திகில் கேமை விளையாடி முடித்தேன். தோலின் துளைகள் வரை தெரியும் அளவுக்கு அதன் காட்சிகள் துல்லியமானவை. குறைந்தது இருபது தடவையாவது துள்ளி எழுந்திருப்பேன். ஆனால் கணினியை அணைத்த ஐந்தாவது நிமிடத்தில் எதுவும் என்னிடம் எஞ்சியிருக்கவில்லை.

இதை ஒரு தேவை கருதியே கேட்கிறேன். நானும் என் தம்பியும் ஒரு வருடமாக ஒரு சிறிய திகில் கேமைத் தமிழில் உருவாக்கி வருகிறோம். வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டுக்குள், அவர்கள் விட்டுச்சென்ற ஒரு காணி உறுதியைத் தேடி ஒருவர் இரவில் நுழைவதே கதை. நண்பர்கள் நால்வரிடம் விளையாடக் கொடுத்தோம். பேய் முகம் திரை முழுவதும் தோன்றும் இடத்தில் நால்வரும் திடுக்கிட்டார்கள். அடுத்த நொடி நால்வரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை மிகவும் வருத்தியது. 2022இல் நான் உணர்ந்தது வெறும் மின்வெட்டின் இருளால் வந்ததா, அல்லது அந்தக் கேமின் அமைப்பிலேயே கற்றுக்கொள்ள வேண்டியது ஏதும் இருக்கிறதா?


பதில்: நள்ளிரவு நிரலர்

கரையோன், உங்கள் கேள்விக்குள் இரு வேறு அனுபவங்கள் ஒரே பெயரில் இருக்கின்றன. எதிர்பாராத பெருஞ்சத்தம் கேட்டால் இமை மூடுவதும் தோள் குறுகுவதும் மூளைத்தண்டு மட்டத்தில் நிகழும் அனிச்சைச் செயல். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அது நடந்து முடிந்துவிடும். அதற்குப் பேயும் தேவையில்லை, கதையும் தேவையில்லை. மேல்மாடியில் யாராவது ஒரு சட்டியைத் தவறவிட்டாலே போதும். நம் ஊரில் ‘வெருட்டுவது’ என்று சொல்வது இதைத்தான். வெருண்டவருக்கு ஆபத்து ஏதும் இல்லை என்று தெரிந்தவுடன் வரும் ஆறுதல் பெரும்பாலும் சிரிப்பாகத்தான் வெளிப்படும். உங்கள் நண்பர்கள் உங்கள் உழைப்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அச்சம் இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றியது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியில் பேயைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அரண்டு போனவனைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. விளையாடுபவரை முதலில் அரண்டவராக ஆக்குவதுதான் கேமின் வேலை. அது முடிந்துவிட்டால், இருளில் பேயை வரைந்துகொள்ளும் வேலையை அவரே செய்துகொள்வார்.

இதை மிக நுட்பமாகச் செய்த கேமாக நான் கருதுவது 2014இல் வெளிவந்த, கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கிய ‘ஏலியன்: ஐசொலேஷன்’. செவஸ்டொபோல் என்ற பாழடைந்த விண்வெளி நிலையத்தில், கொல்ல முடியாத ஒரு விலங்கு உங்களைத் தேடுகிறது. அதன் நிரலில் இரண்டு மூளைகள் இருப்பதாகச் சொல்லலாம். ஒன்று, மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் இயக்குநர். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அதற்கு எப்போதும் தெரியும். மற்றது அந்த விலங்கின் சொந்த மூளை. தன் கண்ணாலும் காதாலும் கண்டுபிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இயக்குநர் உங்கள் இருப்பிடத்தை விலங்கிடம் நேரடியாகக் காட்டிக்கொடுப்பதில்லை. ‘அந்தப் பக்கமாகத் தேடிப் பார்’ என்ற அளவில் மட்டும் குறிப்புக் கொடுக்கும். விலங்கு உங்களை நெருங்கி நெடுநேரம் நின்றுவிட்டால், அதைச் சற்று விலக்கி உங்களுக்கு மூச்சுவிட இடம் தருவதும் அதே இயக்குநர்தான். இதனால் அது எப்போதும் அருகில் இருப்பதுபோல் உணர்வீர்கள். ஆனால் எப்போது எந்த வழியாக வரும் என்பதை இரண்டாவது தடவை விளையாடும்போதும் உங்களால் மனப்பாடமாகச் சொல்ல முடியாது. அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு, இடுக்கு வழியாக அதன் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது உண்மையிலேயே தேடிக்கொண்டிருக்கிறது என்பதை நம் உடல் அறிந்துகொள்கிறது. முன்கூட்டியே எழுதிவைத்த காட்சியில் அந்த உணர்வு வராது.

முன்னேற்றத்தைச் சேமிப்பதற்கும் அந்தக் கேமில் பாதுகாப்பான இடம் கிடையாது. சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகிவிட்டு, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் வரை சில நொடிகள் நிற்க வேண்டும். அந்த நொடிகளுக்குள்ளும் நீங்கள் கொல்லப்படலாம். இன்னொன்று: விளையாட்டுக் கருவியோடு கமராவோ, அசைவையும் ஒலியையும் உணரும் கினெக்ட் கருவியோ இணைத்திருந்தால், உங்கள் அறையில் எழும் உண்மையான சத்தத்தையும் அந்த விலங்கு கேட்கும்படி செய்துகொள்ள அதில் வசதி இருந்தது. கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போது ஜன்னல் அதிரும் உங்கள் வீட்டில் அதை விளையாடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் இருக்கும் பேய் எந்த நிமிடத்தில் எந்த அறையில் தோன்றும் என்பதை எழுதி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது அதுதான்.


பதில்: மெமரி கார்ட் இல்லாதவன்

நிரலர் அண்ணா சொன்னவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் வெருட்டலை இவ்வளவு கீழே இறக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1996இல் கப்கொம் வெளியிட்ட முதலாவது ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில், ஒரு நீண்ட நடைபாதையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய்கள் உள்ளே பாயும் இடம் ஒன்று உண்டு. அது ஒரு வெருட்டல்தான், அதுவும் ஒரு சில நொடிகளே நீடிப்பது. ஆனால் அதன் பிறகு அந்த மாளிகையில் நான் பார்த்த ஒவ்வொரு ஜன்னலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதுவும் பாயாத ஜன்னல்களுக்காக நான் பட்ட அச்சத்தை, பாய்ந்த அந்த ஒன்றுதான் விதைத்தது. ஏற்கெனவே அஞ்சியிருப்பவரிடம் திடுக்கிடும் அனிச்சை மேலும் வலுவாக வெளிப்படும் என்பது உளவியல் ஆய்வுகூடங்களில் பல தசாப்தங்களாக அறியப்பட்ட உண்மை. ஆகவே வெருட்டலையும் அச்சத்தையும் ஒன்றையொன்று வளர்ப்பவையாகப் பார்க்க வேண்டும். இருபது தடவை வெருட்டினால் இரண்டுமே செத்துவிடும்.

நான் அந்தக் கேமை விளையாடிய விதத்தையும் சொல்ல வேண்டும். 2001 அளவில், பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய கடையில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்துப் பிளேஸ்டேஷன் விளையாடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு அங்கே போவோம். கேமில் தட்டச்சுப் பொறி இருக்கும் அறைகளில் மட்டுமே சேமிக்கலாம். அதற்கும் மை நாடா வேண்டும், அந்த நாடாவும் அளவாகவே கிடைக்கும். சேமித்ததைப் பதிந்து வைக்கும் மெமரி கார்ட் கடையில் இல்லாததால் எங்களுக்கு அதுகூடப் பயன்படவில்லை. செத்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு மணித்தியாலத்துக்கு என்னிடம் காசும் இல்லை. பதின்மூன்று வயதில், ஒரு கதவின் படம் மெதுவாகத் திறக்கும் அந்தச் சில நொடிகளில் என் உள்ளங்கை நனைந்திருந்தது. தட்டிலிருந்து அடுத்த அறையின் தரவுகளை ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தை மறைப்பதற்காகவே அந்தக் கதவுக் காட்சி வைக்கப்பட்டது என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. காரணம் எதுவாயினும், அச்சத்துக்கு வேண்டிய காத்திருப்பை அது தந்தது.

இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அதேவேளை, இழப்பு அடிக்கடி நிகழ்ந்தால் அச்சம் சலிப்பாக மாறிவிடும். ஒரே இடத்தில் மூன்றாவது தடவை கொல்லப்படும்போது எதிரே நிற்பது பேயாக இருக்காது, கடக்க வேண்டிய ஒரு தடையாகிவிடும். கரையோன் சொன்ன அம்னீசியாவில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது: சில இடங்களில் இறந்து திரும்பி வந்தால், அந்த உருவம் முன்பு நின்ற இடத்தில் இருக்காது. கொல்லப்போவதாக எப்போதும் அச்சுறுத்துங்கள். கொல்வதை மிக அரிதாகச் செய்யுங்கள்.


பதில்: ஒலிமேடை

நான் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுத் துறையில் வேலை செய்பவள். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். கரையோன் தண்ணீரில் எதையும் பார்க்கவில்லை, கேட்டார். பத்து நிமிடம் நின்றது அதனால்தான்.

1999இல் கொனாமி வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ கேமில், ஊர் முழுவதும் மூடுபனி சூழ்ந்திருக்கும். பிளேஸ்டேஷன் கருவியால் தொலைதூரக் காட்சிகளை வரைய முடியாத குறையை அந்த மூடுபனி மறைத்தது. ஆனால் அந்தக் கேமின் அச்சத்துக்கு உயிர்கொடுத்தது, கதாநாயகனிடம் இருக்கும் ஒரு சிறிய வானொலிப் பெட்டி என்பேன். ஏதாவது நெருங்கினால் அது இரையத் தொடங்கும். எது வருகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அது சொல்லாது. நிரலர், நீங்கள் தகவலை மறைப்பதைப் பற்றிப் பேசினீர்கள். நான் பாதித் தகவலைக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்றுமே தெரியாதவர் சும்மா நடந்து போய்விடுவார், முழுவதும் தெரிந்தவர் திட்டம் போட்டுவிடுவார். பாதி தெரிந்தவர்தான் நின்று உற்றுக் கேட்பார்.

அகிரா யமவோகா அந்தக் கேமுக்கு அமைத்த ஒலிகளில் பெரும் பகுதி, இசை என்று சொல்வதற்கே தயங்க வேண்டிய இரும்பு இரைச்சல்கள். அவை மணிக்கணக்காக அழுத்திய பிறகு ஓர் அறையில் திடீரென நின்றுவிட்டால், அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருக்கும். மின்வெட்டை அனுபவித்த நாம் எல்லோரும் இதை அறிவோம். மின்சாரம் போன நொடியில் முதலில் உறைப்பது இருள் என்று நாம் நினைக்கிறோம். படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தவரையும் அது எழுப்பிவிடுவது, மின்விசிறி நின்றதால்தான். இருந்ததே தெரியாமல் இருந்த ஓர் ஓசை, நின்ற பிறகே தன்னைக் காட்டிக்கொள்கிறது. திகில் கேம் செய்யும் இளைஞர்கள் எல்லோரும் ஓசைகளைச் சேர்க்கிறார்கள். வயலினை இழுக்கிறார்கள், மூச்சைச் சேர்க்கிறார்கள், குழந்தையின் சிரிப்பைச் சேர்க்கிறார்கள். என் யோசனை, ஆரம்பம் முதல் ஒரு மெல்லிய ஓசையை ஓடவிட்டு, விளையாடுபவர் அதை மறந்த பிறகு எடுத்துவிடுங்கள் என்பதே.

இன்னொன்றையும் எழுதத் தயங்கினேன், எழுதிவிடுகிறேன். சைலன்ட் ஹில்லில் உலகம் மாறும் இடத்தில் அபாயச் சங்கு ஊதும். பதுங்குகுழிக்குள் பொம்பரின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டுத்தான் கடந்தேன். அணைக்கக்கூடிய அச்சத்தை மட்டுமே நாம் விளையாட்டு என்கிறோம். உங்கள் கதையில் ஆள்கள் விட்டுப்போன ஒரு வீடு வருகிறது. இந்த நாட்டில் அப்படிப்பட்ட வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதை அறிந்தவர்கள் உங்கள் கேமை விளையாடுவார்கள். அந்த வீட்டின் சுவர்களில் எதை வைக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் எடுங்கள், தம்பி. ஒலி அளவைத் தனித்தனியாகக் குறைக்கும் வசதியைக் கட்டாயம் கொடுங்கள்.


பதில்: கொட்டாஞ்சேனை வாசகர்

நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கேம் விளையாடுபவன் அல்லன். என் மகள் விளையாடும்போது பின்னால் கதிரையில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து மட்டும் எழுதுகிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளைக் கூறி, ஒவ்வொன்றும் எந்த நான்கின் அடியாகப் பிறக்கும் என்றும் வகுக்கிறது. அச்சத்துக்கு அது தரும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. குருதி, புண், சிதைந்த உடல் ஆகியவை இந்த நான்கில் இல்லை. பிணியும் வருத்தமும் இளிவரல் (இழிப்புணர்வு) என்ற வேறொரு மெய்ப்பாட்டின்கீழ் வருகின்றன. என் மகள் விளையாடிய சில கேம்களில் திரை முழுவதும் இரத்தமாக இருந்ததைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் அஞ்சவில்லை. அருவருப்பையும் அச்சத்தையும் ஒன்றென மயங்குவதால்தான் பல கேம்கள் மேலும் மேலும் குருதியைக் கொட்டுகின்றன என்று தோன்றுகிறது.

நிரலர் விவரித்த விண்வெளி விலங்கு, பெயரிலேயே விலங்கு. கரையோன் தண்ணீரில் கேட்டது அணங்கு, காணப்படாமல் வருத்துவது. எனக்கு மிகவும் வியப்பளித்தது நான்காவதான இறை. அரசன், ஆசிரியர் என நம் தவறைத் தட்டிக்கேட்கும் உரிமை உடையோர்முன் நாம் கொள்ளும் அச்சம் அது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அந்த அச்சத்தின் வேர் வெளியே இல்லை, தவறு செய்த நம்மிடம் இருக்கிறது. 2001இல் வெளிவந்த ‘சைலன்ட் ஹில் 2’ கேமை மகள் விளையாடியபோது இதையே கண்டேன். (அதை இனி விளையாட இருப்பவர்கள் அடுத்த இரண்டு வாக்கியங்களை விட்டுவிடலாம்.) இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று ஒருவன் ஒரு நகரத்துக்கு வருகிறான்; அவள் நோயால் இறக்கவில்லை, தானே அவளைக் கொன்றான் என்ற உண்மையை அவன் தன்னிடமிருந்தே மறைத்திருக்கிறான். அவனைத் துரத்தும் முக்கோணத் தலை கொண்ட உருவம், அவனுடைய குற்றத்துக்கான தண்டனையே உருக்கொண்டு நடப்பதுபோல் வருகிறது.

ஆயினும் இவை எல்லாம் கதைகளிலும் நாடகங்களிலும் உள்ளவைதாமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் இருண்ட மாடிப்படியின் முன்னால் மகள் அந்தக் கொன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டு, “நீங்கள் ஏறுங்கள் அப்பா” என்றாள். அரை மணித்தியாலமாக அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே காட்சி. ஆனால் என் கட்டைவிரல் அசையவில்லை. கூத்தில் அரசன் காட்டுக்குள் போகும்போது ‘போகாதே’ என்று நாம் மனத்துக்குள் சொல்லலாம், அவன் போய்விடுவான், பொறுப்பு அவனுடையது. இங்கே நான் ஏறாவிட்டால் யாரும் ஏற மாட்டார்கள். எனக்குத் தீங்கு வரும் இடத்துக்கு என்னை நானே அழைத்துச் செல்ல வேண்டும். மற்றக் கலைகளில் நான் கண்டிராத அச்சம் இது. கரையோன் தம்பி, உங்கள் பேய் முகம் தானாகத் திரையில் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாடுபவரின் கை அதில் எங்கே இருக்கிறது?


பதில்: வெள்ளவத்தைக் கரையோன்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். எழுதுவதற்கு முன் செய்து பார்க்க விரும்பினோம்.

ஐயாவின் கேள்விதான் எங்களை முதலில் நிறுத்தியது. பேய் முகத்தை முழுவதுமாக நீக்கிவிட்டோம். தம்பி அதை வரைய மூன்று மாதம் செலவிட்டிருந்தான், ஆனாலும் அவனே நீக்கினான். அம்னீசியாவில் கதவைத் திறக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதாது. மவுஸைப் பிடித்து இழுத்து, விரும்பிய அளவு திறக்க வேண்டும், ஒரு விரலளவு திறந்து எட்டியும் பார்க்கலாம். எங்கள் வீட்டின் உள்ளறைக் கதவையும் அவ்வாறே மாற்றினோம். பழைய மரக் கதவு, கொண்டி இறுக்கம். மெதுவாக இழுத்தால் சத்தம் குறைவு, ஆனால் நேரம் எடுக்கும். வேகமாக இழுத்தால் வீடே கேட்கும்.

ஒலிமேடை அக்கா சொன்னபடி வயலின் இசையை எடுத்துவிட்டோம். கதையின் தொடக்கத்தில் வீட்டுக்கு இன்னும் மின்சாரம் இருக்கிறது. கூடத்தில் ஒரு பழைய மின்விசிறி சற்றுத் தட்டித் தட்டிச் சுற்றுகிறது. காணி உறுதி இருக்கும் அலமாரியின் சாவியை எடுத்ததும் மின்சாரம் போய்விடும், மின்விசிறியும் நின்றுவிடும். வேறு எதுவும் நடக்காது. வீட்டின் சுவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை நாங்கள் இருவரும் பலமுறை படித்தோம். முன்னர் வைத்திருந்த சில படங்களையும் ஒரு கடிதத்தையும் எடுத்துவிட்டோம். அவற்றை அங்கே வைக்க எங்களுக்கு உரிமை இல்லை என்று பட்டது. ஒலி அளவுகளைத் தனித்தனியாக மாற்றும் வசதியும் சேர்ந்துவிட்டது.

நிரலர் அண்ணா, இரண்டு மூளை அமைப்பை எங்கள் அளவில் மிகச் சிறியதாக எழுதியிருக்கிறோம். வீட்டுக்குள் நடமாடுவது எதுவென்று நாங்கள் காட்டவே இல்லை. அது கேட்கும், நகரும், சில வேளை நின்றுவிடும். விளையாடுபவர் நெடுநேரம் அசையாமல் இருந்தால் விலகிப் போகும். மெமரி கார்ட் இல்லாதவன் சொன்னபடி, அதன் கையில் அகப்பட்டால் இழப்பது உயிரை அல்ல. இதுவரை சேர்த்த காகிதங்களில் ஒன்றை. எந்தக் காகிதம் போயிற்று என்பது தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

நேற்றிரவு மச்சாள் ஒருத்தி வந்து விளையாடினாள். ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, ஹெட்போனைக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம். மின்விசிறி நின்ற இடத்தில் அவள் ஹெட்போனைக் கழற்றி எங்கள் அறையின் கூரையைப் பார்த்தாள். உண்மையிலேயே மின்சாரம் போய்விட்டதென்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். உள்ளறைக் கதவை ஒரு விரலளவு இழுத்துவிட்டு நிறுத்தினாள். நான் நேரத்தைப் பார்த்தேன்: நான்கு நிமிடம். சிரிக்கவில்லை. பிறகு திரும்பாமலே, “உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

எங்களிடம் பதில் இல்லை. அந்த அறையை நாங்கள் இன்னும் செய்யவில்லை.


பதில்: நள்ளிரவு நிரலர்

அந்த நான்கு நிமிடத்தைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தேன். இனித்தான் கடினம். அவள் மனத்தில் அந்த நான்கு நிமிடத்தில் வரைந்துகொண்டதைவிடப் பெரிய ஒன்றை உங்களால் வரைய முடியாது. வெறும் அறையாக விட்டால் ஏமாற்றமும் ஆகிவிடும். என்ன செய்யப் போகிறீர்கள்?


பதில்: வெள்ளவத்தைக் கரையோன்

தம்பி இன்று காலை ஒன்று சொன்னான், அதையே செய்கிறோம். சாதாரண அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, சாத்திய ஜன்னல். வீட்டில் மின்சாரம் இல்லை. கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது.